மஞ்சள் தொடாத சேலைகள்

அத்தியாயம் 11

மதுரையில் விமானம் ஏறினால் சென்னைக்குப் போகிற நேரத்துக்குள் கொழும்புக்கே போய்விடலாம். ஆனாலும் அது வெளிநாடு. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற ஊர். அதனால்தான் சுபலட்சுமி கிளம்பிய அன்று திருநகர் வீட்டில் அவ்வளவு ரகளை.

மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் வெள்ள நிவாரணம், முகாம் என்று கடல் தாண்டிப் போகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று அண்ணன் அழகுபாண்டி குதித்தான். கே.கே. நகரில் தான் பிசியோதெரபி பார்க்கிற கிளினிக்கில் லீவு வாங்கியாகிவிட்டது என்று தங்கை பதில் சொன்னாள். வழியனுப்ப அவன் விமான நிலையத்துக்கு வரவில்லை. தெருமுனை வரைகூட வரவில்லை.

அம்மா சின்னத்தாய் மட்டும்தான் மகள் பக்கம். "வீடு வாசலைத் தண்ணிக்குக் குடுத்துட்டு நிக்கிற சனம். போயிட்டு வாத்தா" என்றாள். அடுத்த வீட்டு ராதாமணியிடம் சொல்லி, அவர்கள் கடையிலிருந்து புதுச் சுங்குடிச் சேலைகளாக வரவழைத்தாள். யாரையும் தொடவிடாமல் தானே மடித்து, தானே கட்டி, மகளோடு நிவாரணக் குழுவில் போகிற ஒவ்வொருவர் பெட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து அனுப்பினாள்.

அந்தச் சேலைகள்தான் இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் பிரச்சினையாகி இருந்தன.

*

இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம். மழை பெய்து மலை சரிந்ததில் வரிசை வீடுகள் மண்ணுக்குள் போய்விட்டன. அந்த வீடுகளை அங்கே லயம் என்பார்கள். தப்பித்த குடும்பங்கள் எல்லாம் வகுப்பறைகளில் இருந்தன. கரும்பலகைக்குக் கீழே அடுப்பு, பெஞ்சுக்கு மேலே பிள்ளைகள்.

முந்தின நாள் சாயங்காலம் சுபலட்சுமி சேலைகளைக் கொடுத்தபோது எல்லாப் பெண்களும் இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்கினார்கள். காலையில் பார்த்தால் அத்தனையும் ஆசிரியர் மேசையில், மடிப்புக் கலையாமல், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"கலர் பிடிக்கலை போலம்மா" என்றார் குழுத் தலைவர் ரவிசங்கர். பசுமலையில் கல்லூரி வாத்தியார். நல்ல மனிதர், ஆனால் எதையும் சீக்கிரம் முடிவுகட்டி விடுவார். "விடு. அடுத்த முகாமுக்குக் கொடுத்துருவோம்."

சுபலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் குளிரில் பெண்கள் உடுத்தியிருந்ததெல்லாம் வெள்ளத்தன்று உடுத்திய சேலை. பகலில் பாதி காயும், ராத்திரி மறுபடி நனையும். ஈரத் துணியோடு சேர்த்து ஒருத்தி கைக்குழந்தையை அணைத்திருந்தாள். குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. கண்ணெதிரே காய்ந்த துணி அடுக்கியிருக்க, இதென்ன பிடிவாதம் என்று சுபலட்சுமிக்குக் கோபம்கூட வந்தது.

நேரே தங்கப்பொண்ணுவிடம் போனாள். கொழுந்து பறிக்கிறவள். மண்ணிலிருந்து அவளை இழுத்தபோது தோள்பட்டை பிசகியிருந்தது. தினமும் சுபலட்சுமிதான் அதைப் பிடித்துவிட்டு, கையை மெல்லத் தூக்கப் பழக்குகிறாள். அவள் புருஷன் கண்ணுச்சாமி, பெண்டாட்டி பிள்ளையை மேட்டில் ஏற்றிவிட்டு, பக்கத்து வீட்டு மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினவன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"தங்கப்பொண்ணுக்கா, சேலையெல்லாம் ஏன் திரும்பி வந்துருச்சு?"

"உங்கள ஒரு குத்தமும் சொல்லல மிஸ். நல்ல மனசோடதான் கொண்டாந்தீங்க. ஆனா எங்க வீட்டுக்காரரை இன்னும் தேடிக்கிட்டுத்தானே இருக்காங்க? அதுக்குள்ள எனக்கு எதுக்கு மிஸ் கோடி?"

கோடி என்றதும்தான் சுபலட்சுமிக்கு உறைத்தது. ஓடிப்போய் மேலே இருந்த சேலையைப் பிரித்தாள். முந்தானை ஓரம், அடுத்த ஓரம், எதிலும் மஞ்சள் இல்லை. அடுத்த சேலையிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

எந்தப் புதுத் துணியானாலும் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துத்தான் கொடுப்பார்கள், உடுத்துவார்கள். மஞ்சள் வைக்காத புதுச் சேலை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போகும். புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடுகிற கோடிச் சேலை அது. மதுரைப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்த குடும்பங்கள் இவை. ஊர் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை.

"சரிக்கா, மத்தவுங்க கட்டலாம்ல?"

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் மிஸ். அவங்க கட்டுனா எனக்குக் கோடி விழுந்துருச்சுன்னு எல்லாரும் சேந்து ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம். ஒருத்தியும் தொட மாட்டேங்குறா."

*

சின்னத்தாய் போனை எடுத்தபோது குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, சேலைக்கு மஞ்சள் வைக்கலையா நீ?"

அந்தப் பக்கம் விசில் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா!"

"வைக்கலைத்தா."

"ஏம்மா? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாம இருக்குமா? எங்கையால எப்புடிடி வைப்பேன்? நல்லது பொல்லாததுக்குப் போற துணி. ராதாமணிய வைக்கச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அவ அன்னைக்குன்னு மக வீட்டுக்குப் போயிட்டா. ஒங்க வண்டி வேற வந்து நின்னுருச்சு. போற எடத்துல வச்சுத்தான் குடுப்பீகன்னு நெனச்சேன். ஏத்தா, என்னாச்சு?"

மகள் சொன்னாள். கேட்டு முடித்ததும் சின்னத்தாய், "பாவி நான். புருசனைத் தேடிக்கிட்டு நிக்கிறவளுக்குக் கோடி கட்டி அனுப்பியிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

கணவர் பேயாண்டி வயலிலேயே மார்வலி வந்து போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து சின்னத்தாய் மஞ்சளைக் குழம்பில் போடுவாளே தவிர வேறு எதற்கும் தொடுவதில்லை. பொட்டு கிடையாது, பூ கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலுக்குள்ளேயே கடைசி நாற்காலி. "இந்தக் காலத்துல யாரும்மா இதெல்லாம் பாக்குறா?" என்று பிள்ளைகள் சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள்.

*

முகாம் சமையலறையில் மஞ்சள்தூளுக்கா பஞ்சம்? சுபலட்சுமி ஒரு தட்டில் குழைத்து எடுத்துவந்து, எல்லாப் பெண்களும் பார்க்க, ஒவ்வொரு சேலையாகப் பிரித்து ஓரத்தில் வைத்தாள். தப்பு தன்னுடையது, மறந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் மன்னிப்பும் கேட்டாள். முகங்கள் கொஞ்சம் தெளிந்தன. கைக்குழந்தைக்காரி எழுந்து பாதி தூரம் வந்துவிட்டாள்.

"ஒரு நிமிசம் மிஸ்" என்றாள் தங்கப்பொண்ணு. "கட்டி அனுப்புனது உங்கம்மாதானே? அவங்க மஞ்சள் குங்குமத்தோட இருக்காங்கதானே?"

கைக்குழந்தைக்காரி நின்றுவிட்டாள்.

சுபலட்சுமிக்குப் பொய் வராது. சின்ன வயதில் சில்லறை எடுத்து ஐஸ் வாங்கித் தின்றால்கூட, கேட்பதற்கு முன்பே முழித்து மாட்டிக்கொள்வாள். ஆனால் அந்தக் குழந்தை மறுபடி இருமியது. தங்கப்பொண்ணுவின் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. இல்லை என்று சொன்னால் இந்தச் சேலைகள் மட்டுமில்லை, அந்தப் பெண் பிடித்துக்கொண்டு நிற்கிற ஏதோ ஒன்றும் கீழே விழுந்துவிடும்.

"இருக்காங்கக்கா. அப்பா நல்லாத்தான் இருக்காரு. கிளம்புற அவசரத்துல அம்மாவும் மறந்துருச்சு."

அப்பா நல்லாத்தான் இருக்காரு. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்தது. தடுமாறாமல் வந்தது. கேட்க நன்றாகவும் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கச் சுங்குடிப் புள்ளிகள். குழந்தையைக் காய்ந்த முந்தானையில் சுற்றி ஒருத்தி தூங்க வைத்துவிட்டாள். ஈரச் சேலைகள் வேலியெல்லாம் தொங்கின. தங்கப்பொண்ணு பச்சைச் சேலை கட்டி, வலிக்கிற தோளில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும் மிஸ். முகத்தைப் பாத்துப் பேசணும். நல்ல துணியைத் திருப்பி வச்சிட்டேனே, மன்னிப்புக் கேக்கணும்."

பொய் எப்போதும் இப்படித்தான். ஒன்று சொன்னால் அதற்குத் துணைக்கு இன்னொன்று வேண்டும் என்று வந்து நிற்கும். மேட்டில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் வீடியோ காலுக்குச் சிக்னல் கிடைக்கும், சாயங்காலம் போவோம் என்று சுபலட்சுமி சமாளித்தாள்.

அவள் திரும்பியபோது ரவிசங்கர் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கீழ ஆத்தோரத்துல ரெண்டு ஆம்பளைங்க உடலைக் கண்டெடுத்திருக்காங்க. யாருன்னு தெரியலை. நாளைக்குக் காலையில ஆளுகளைக் கூட்டிட்டுப் போய் அடையாளம் காட்டணுமாம். இப்ப யார்கிட்டயும் சொல்ல வேணாம்மா. இன்னைக்குத்தான் காஞ்ச துணி உடுத்தியிருக்காங்க. தூங்கட்டும்."

சுபலட்சுமி தலையாட்டினாள். அண்ணனின் நம்பரைத் தேடினாள்.

*

திருமங்கலம் சாலையில் அழகுபாண்டிக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. தங்கையின் பெயரைப் போனில் பார்த்ததும் எடுக்கக்கூடாது என்றுதான் நினைத்தான். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டான்.

"அண்ணே, கோவத்தை அப்புறம் வச்சுக்க. இப்ப வீட்டுக்குப் போ."

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. அம்மா பொட்டு வச்சுக்கிட்டு வீடியோ கால்ல பேசணும். அப்பா உசுரோட இருக்காருன்னு சொல்லிட்டேன்."

முழுக் கதையையும் கேட்டபின் அழகுபாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. கடையில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"நான் கொள்ளி வச்ச மனுசன் சுபா அவரு. என் கையால வச்சேன். நீ பாட்டுக்கு நல்லாத்தான் இருக்காருன்னு சொல்லிட்டு வந்துருக்க!"

"ஆமாண்ணே."

"அந்தப் பொம்பள புருசன் வரலைன்னா? இம்புட்டு நம்பிக்கையக் குடுத்து நாளைக்கு என்னத்தச் சொல்லுவ?"

"நாளைக்கு எனக்குத் தெரியாது. இன்னைக்கு அவுங்க ஈரத்துணிய மாத்துனாங்க. அதுக்காகத்தான் சொன்னேன்." அவள் குரல் உடைந்தது. "திட்டணும்னா நான் வந்ததும் திட்டுண்ணே. அம்மாகிட்ட இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்ல."

அழகுபாண்டி போனை வைத்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியை எடுத்தான். வழியெல்லாம் தங்கையைத் திட்டிக்கொண்டே போனான் என்பது உண்மை. ஆனால் அந்த சிக்னலிலும் இந்த சிக்னலிலும் நிற்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்மை.

வீட்டில் சின்னத்தாய் காலையில் வடித்த சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். மகன் சொன்னதைக் கேட்டு அப்படியே அவனைப் பார்த்தாள்.

"பொட்டு வைக்கணுமாக்கும் நான்?"

"வேணாம்மா. எனக்கும் பிடிக்கலை. சிக்னல் இல்ல, படம் தெரியலைன்னு சொல்லிருவோம். வெறும் பேச்சுப் பேசிட்டு வச்சிரு."

தப்பிக்க நல்ல வழிதான். சின்னத்தாய் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"முகத்தைப் பாக்கணும்னு சொன்னாளா அந்தப் புள்ள?"

"ஆமாம்."

"நானா இருந்தாலும் முகத்தைத்தான் பாப்பேன்டா. உங்கப்பாவ ஆசுபத்திரிக்குக் கொண்டு போனப்ப, ஒண்ணுமில்ல லேசா மயக்கம்னுதான் அம்புட்டுப் பேரும் சொன்னாக. ஒருத்தராச்சும் என் முகத்தைப் பாத்துச் சொல்லலை. அதுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

எழுந்து மகளின் அறைக்குப் போனாள். பீரோக் கண்ணாடி ஓரத்தில் சுபலட்சுமி ஒட்டிவைத்துவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருந்தன. பெரிதாக ஒன்றை உரிக்கப் போனாள், கை பின்வாங்கியது. சின்னதாக ஒரு மெரூன் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்தாள். வைத்த கையோடு கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்தா ராதாமணி வரவேண்டும்!

"சின்னத்தாய்க்கா, சுபா பேசுனாளா? எங்க வீட்டுக்காரர் கேக்கச் சொன்னாரு, சேலையெல்லாம்..." என்று வாசலில் ஆரம்பித்தவள் நின்றாள்.

சின்னத்தாய்க்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கை நெற்றிக்குப் போயிற்று. ராதாமணி எட்டு வைத்து வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. பொட்டை விரல் நுனியால் லேசாகத் தள்ளி வைத்தாள்.

"கோணலா இருந்துச்சுக்கா" என்றாள். "நான் அப்புறம் வாரேன்."

*

போனில் முதலில் மழைமேகம் தெரிந்தது, அப்புறம் சுபலட்சுமி. அம்மாவின் நெற்றியை ஒரு தரம் பார்த்தாள். போனைத் தங்கப்பொண்ணுவிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள். கழுத்து தெரியாமல் சின்னத்தாய் முந்தானையைத் தோள் சுற்றிப் போர்த்தியிருந்தாள்.

"அக்கா, மன்னிச்சிருங்க. தெரியாம துணியைத் திருப்பி வச்சிட்டேன்."

"நீ எதுக்குத்தா மன்னிப்புக் கேக்குற? தப்பு எம்மேல. பச்சை ஒனக்கு நல்லா எடுப்பா இருக்கு. தோளு எப்புடி இருக்கு? சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க்கா." தங்கப்பொண்ணு போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். சின்னத்தாயின் முகம் முழுக்கத் தேடினாள். "அண்ணன் எங்கக்கா, உங்க வீட்டுக்காரரு? வீட்டுல இல்லையா?"

சுவர் ஓரமாக நின்ற அழகுபாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டான். சுவரில் அப்பாவின் படம், மாலையோடு. நல்லவேளை, கேமராவுக்கு அது படவில்லை.

சின்னத்தாய் தங்கப்பொண்ணுவின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அந்த மனுசன் எந்தக் காலத்துலத்தா வீடு தங்குனாரு? கருமாத்தூர்ப் பக்கம் வயலு. வரப்பு வெட்டப் போறேன்னு விடிஞ்சதும் போயிட்டாரு. ஆள் விட்டு வெட்டச் சொன்னா கேக்க மாட்டாரு. சோத்தைத் தூக்கிட்டுப் போனா, வச்சுட்டுப் போடின்னு சொல்லிட்டு மம்பட்டியக் கீழ வைக்காம நிப்பாரு. சோறு ஆறிப்போயிருக்கும். சாயங்காலம் வந்து, என்னடி சோறு ஆறிக் கெடந்துச்சுன்னு எங்கிட்டயே சண்டைக்கு வருவாரு. வரட்டும், இன்னைக்கு வச்சுக்கிறேன்."

தங்கப்பொண்ணு சிரித்துவிட்டாள். முகாமுக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்க்கா! யாரு வீட்டு மாடோ, அதுக்கு இவரு போவணுமா? நீங்களே சொல்லுங்க. வரட்டும், நானும் வச்சுக்கிறேன்."

"நல்லா கேளு. விடாத."

அழகுபாண்டிக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கொல்லைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். அப்பா போன நாளிலிருந்து அம்மா அவரைப் பற்றி இப்படி வாய்விட்டுப் பேசி அவன் கேட்டதில்லை. தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அந்தப் பெண்ணின் குரல் உள்ளே கேட்டது.

"அக்கா, நாளைக்கும் கூப்பிடவா? அண்ணன் இருக்குறப்பவா பாத்துக் கூப்பிடுறேன். அவரு வாயால ஒரு வார்த்தை, எங்க வீட்டுக்காரரு வந்துருவாருன்னு சொல்லட்டும். கேட்டா எனக்குத் தைரியமா இருக்கும்."

அந்தப் பக்கம் தொட்டிச் சுவரில் சாய்ந்திருந்த சுபலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். நாளைக்குக் காலையில் ஆற்றங்கரைக்கு யார் யாரைக் கூட்டிப்போகப் போகிறார்கள் என்பது அந்த இடத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"கூப்பிடுத்தா" என்றாள் சின்னத்தாய். "எப்ப வேணாலும் கூப்பிடு."

அழகுபாண்டி முகத்தைக் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது போன் அணைந்திருந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, பொட்டு வைத்த முகத்தோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் இல்லை. ஏதோ நாளைய வேலையை யோசிக்கிறவள் மாதிரி இருந்தாள்.

"ஏன்டா அழகு, நாளைக்கு உங்கப்பா எங்க போயிருக்காருன்னுடா சொல்றது?"